பிள்ளையின் கையை விட்டவர்கள்: 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' முதல் சீசன்

'ஒன்ஸ் அப்பான் எ டைம்' தொடரின் முதல் சீசனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஸ்னோ வைட்டும் இளவரசரும் ஒருவரை ஒருவர் எத்தனை முறை தொலைத்து எத்தனை முறை கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தக் காதல் நன்றாகவே இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் 22 எபிசோடையும் வரிசையாகப் பார்த்து முடித்தபின் யோசித்தால் இந்தக் கதையைத் தாங்கிப் பிடித்திருப்பது காதல் இல்லை என்று தோன்றும். தன் பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர், கைவிடப்பட்ட பிள்ளைகள், பிள்ளையைத் தன் சொத்தாக நினைத்த அம்மாக்கள், பிள்ளைக்காக ஊரையே பலி கொடுக்கத் துணிந்த அப்பாக்கள், இவர்கள்தான் எங்கே திரும்பினாலும் நிற்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் சீசன் முடிவில் நடப்பது ஏன் அப்படி நடக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும். கதையை மறைக்காமல் முழுக்கச் சொல்லப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் அதற்குத் தயாராக இருங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு இந்தத் தொடர் தொடங்கியது. குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1.3 கோடி பேர். உருவாக்கியவர்கள் எட்வர்ட் கிட்ஸிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் என்ற எழுத்தாளர் ஜோடி. இவர்கள் விமானம் விழுந்து தீவில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரின் எழுத்துக் குழுவில் இருந்தவர்கள், இந்தத் தொடரின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே பாதி பதில்.

தொடர் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். இளவரசர் குதிரையில் பாய்ந்து வருகிறார், கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்னோ வைட் கிடக்கிறாள், முத்தமிடுகிறார், அவள் விழிக்கிறாள். நமக்குத் தெரிந்த கதை முடியும் இடம் இது, இங்கே முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் கல்யாணம். மண்டபத்தின் கதவைத் திறந்துகொண்டு ஸ்னோ வைட்டின் மாற்றாந்தாயான ராணி ரெஜினா உள்ளே வருகிறாள், உங்கள் எல்லோருடைய சந்தோஷத்தையும் அழித்துவிடுவேன், அதற்காகவே இனி வாழ்வேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போகிறாள். 'சுகமாக வாழ்ந்தார்கள்' என்று புத்தகம் மூடும் இடத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

ரெஜினா போடும் சாபம் வழக்கமான சாபம் மாதிரி இல்லை. யாரும் கல்லாவதில்லை, தவளையாவதில்லை, சாவதும் இல்லை. எல்லோரும் நம் உலகத்துக்கு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் ஸ்டோரிபுரூக் என்ற சின்ன ஊருக்குத் தூக்கி எறியப்படுகிறார்கள், ரெஜினாவைத் தவிர மற்றவர்கள் தாங்கள் யார் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ஸ்னோ வைட் பள்ளி ஆசிரியை மேரி மார்கரெட். இளவரசர் நினைவில்லாமல் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் பெயர் தெரியாத ஆள். ரெஜினா மேயர். ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் அடகுக்கடை வைத்திருக்கும் மிஸ்டர் கோல்ட், பாதி ஊர் அவர் பெயரில் இருக்கிறது. 28 வருஷமாக அங்கே காலம் நகரவில்லை. மணிக்கூண்டுக் கடிகாரம் 8:15இல் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வயதாவதில்லை, யாருக்கும் அது விசித்திரமாகவும் படுவதில்லை.

இந்தச் சாபம் எவ்வளவு கொடுமையானது என்பதை நிதானமாக யோசித்தால்தான் தெரியும். அங்கே யாரும் அழுதுகொண்டு இருப்பதில்லை. மேரி மார்கரெட்டுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, அவ்வப்போது யாரோடாவது வெளியே சாப்பிடப் போகிறாள், எதுவும் ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்று தெரியவில்லை. தன் கணவன் கிடக்கும் வார்டுக்கே பூ கொண்டுபோய் வைக்கிறாள், யாரென்று தெரியாமல். எதைத் தொலைத்தோம் என்பதும் சேர்ந்து தொலைந்துவிட்டால் தேடவும் வழியில்லை. ரெஜினா சாமர்த்தியக்காரி, எதிரியைக் கொன்றால் ஒரு நாளோடு முடிந்துவிடும் என்று தெரிந்தவள்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரே ஆள் எம்மா. சாபம் வந்து விழும் அதே நேரத்தில் பிறந்த குழந்தை, ஸ்னோ வைட்டின் மகள். மந்திர மரத்தில் செய்த ஓர் அலமாரிக்குள் வைத்து அவளை மட்டும் நம் உலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவளுடைய 28ஆவது பிறந்த நாளன்று பாஸ்டனில் அவள் வீட்டுக் கதவைப் பத்து வயதுப் பையன் ஹென்றி தட்டுகிறான். அவள் பெற்று, தத்துக் கொடுத்த மகன். அவனைத் தத்தெடுத்து வளர்ப்பவள் ரெஜினா. கையில் ஒரு பெரிய கதைப்புத்தகத்தோடு வந்து, நீதான் சாபத்தை உடைக்கப் பிறந்தவள் என்கிறான். எம்மா நம்பவில்லை. ஆனால் பையனை அந்த ஊரில் விட்டுவிட்டுத் திரும்ப மனசில்லாமல் ஒரு வாரம் தங்கிப் பார்க்கிறேன் என்கிறாள், அந்த நொடியில் மணிக்கூண்டின் முள் நகர்கிறது.

இனி கட்டுமானத்துக்கு வருவோம். ஒவ்வொரு எபிசோடும் இரண்டு காலத்தில் ஓடுகிறது, ஒன்று ஸ்டோரிபுரூக்கில் இன்றைக்கு நடப்பது, இன்னொன்று அவர்கள் விட்டுவந்த கதை உலகமான மந்திர வனத்தில் அன்றைக்கு நடந்தது. ஒரு எபிசோடுக்கு ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்தின் இன்றைய சிக்கலையும் அன்றைய சிக்கலையும் மாறி மாறிக் காட்டுவது. இது அப்படியே 'லாஸ்ட்' முறை. கடிகாரம் 8:15இல் நிற்பதும் அந்தத் தொடரின் விமான எண் 815க்கு வணக்கம் வைப்பதுதான். அதில் கிளையர் பாத்திரத்தில் நடித்த எமிலி டி ராவின் இங்கே அழகியும் மிருகமும் கதையின் அழகி பெல்லாக வருகிறார்.

ஆனால் ஒரே உத்தி இரண்டு தொடரிலும் வேறு வேறு வேலை செய்கிறது. லாஸ்டில் கடந்த காலம் பாத்திரங்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. இங்கே நேர்மாறு. நமக்கு எல்லாம் தெரியும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மேரி மார்கரெட்டும் எம்மாவும் சமையலறையில் நின்று பேசிக்கொள்ளும்போது அவர்களைப் பொறுத்தவரை அறையைப் பங்குபோடும் இரண்டு தோழிகள், ஏறக்குறைய ஒரே வயது. அம்மாவும் மகளும் என்று நமக்கு மட்டும் தெரியும். தன்னை ஏன் சாலையோரம் விட்டுவிட்டுப் போனார்கள் என்று எம்மா ஏங்குகிறாள், பதில் சொல்லக்கூடிய ஆள் எதிரிலேயே இருக்கிறாள், அவளுக்கும் தெரியாது. சாதாரண உரையாடலில்கூட நமக்குத் தொண்டை அடைப்பது இதனால்தான். ஜெனிபர் மோரிசனும் ஜின்னிபர் குட்வினும் அந்தக் காட்சிகளைத் தூக்கிக் காட்டாமல் சாதாரணமாகவே நடித்திருப்பது பெரிய விஷயம்.

கதைகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கிரிம் சகோதரர்களின் கதைகள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தொடரில் இருப்பதில் பாதி டிஸ்னி. கிரிம் சகோதரர்களின் ஸ்னோ வைட் கதையில் முத்தமே கிடையாது. பெட்டியைத் தூக்கிப் போகும் வேலைக்காரர்கள் தடுக்கி விழப்போக, அந்த உலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் எழுந்துகொள்கிறாள். முத்தம் 1937ஆம் வருஷத்து டிஸ்னி படத்தின் வேலை. குள்ளர்களில் கிரம்பி என்ற பெயரும் அந்தப் படத்தில் வந்ததுதான். ஜிமினி கிரிக்கெட் இன்னும் சுவாரசியம். இத்தாலிய எழுத்தாளர் கொலோடியின் மூலக்கதையில் பேசும் சில்வண்டைப் பினோக்கியோ சுத்தியலை எறிந்து கொன்றுவிடுகிறான். அதற்குப் பெயர் வைத்துக் குடை கொடுத்து மனசாட்சியாக்கியது டிஸ்னி. ஏபிசி 1996 முதல் டிஸ்னியின் சொத்து என்பதால்தான் இந்தப் பெயர்களையும் பெல்லின் மஞ்சள் கவுனையும் விளிம்பு உடைந்த கோப்பையையும் தொடரில் தாராளமாகப் புழங்க முடிந்தது, இதே யோசனையோடு வேறொரு சேனலுக்குப் போயிருந்தால் பழைய புத்தகங்களில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு திணறியிருப்பார்கள்.

சரி, பெற்றோர் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ரெஜினாவிலிருந்து தொடங்கலாம். சாபத்தைப் போட வேண்டுமென்றால் தான் மிகவும் நேசிக்கும் உயிரின் இதயத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் தன் பிரியமான குதிரையின் இதயத்தைப் போட்டுப் பார்க்கிறாள், பலிக்கவில்லை. அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருப்பது வயதான அப்பா ஒருவர்தான். அவரோ பழிவாங்குவதை விட்டுவிடு, நாம் இரண்டு பேரும் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று கெஞ்சுகிறார். அவரைக் கட்டிப்பிடித்தபடியே இதயத்தைப் பிடுங்குகிறாள். இரண்டாவது எபிசோடின் கடைசியில் கல்லறையைக் காட்டும்போதுதான் அப்பாவின் பெயர் நமக்குத் தெரிகிறது: ஹென்றி. தத்தெடுத்த பையனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறாள். வசனமே இல்லாமல் ஒரு கல்வெட்டை வைத்து அவளுடைய குற்ற உணர்ச்சி, தனிமை, அந்தப் பையன்மேல் அவளுக்கு இருக்கும் பிடிவாதமான பாசம் மூன்றையும் சொல்லிவிட்டார்கள். லானா பரியா இந்தப் பாத்திரத்தை ஒரு தடவைகூடக் கேலிச்சித்திரமாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதற்குப் பதில் 18ஆவது எபிசோடில்தான் வருகிறது, அதற்கும் காரணம் ஓர் அம்மா. ரெஜினா குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் டேனியலைக் காதலிக்கிறாள், அம்மா கோராவுக்கு மகள் ராணியாக வேண்டும். சிறுமி ஸ்னோ வைட்டுக்கு அந்தக் காதல் தெரியவருகிறது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அம்மாவை இழந்த பிள்ளை அவள். கோரா அந்தக் காயத்தைத்தான் தொடுகிறாள், என் மகள் என்னை விட்டு விலகிப் போகிறாளே என்று கண்கலங்குகிறாள், குழந்தை உருகிப்போய் உண்மையைச் சொல்லிவிடுகிறது. கோரா டேனியலின் மார்புக்குள் கையை விட்டு இதயத்தை எடுத்து மகளின் கண்ணெதிரே தூளாக்குகிறாள், எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்கிறாள். ஸ்னோ வைட் மேல் ரெஜினாவுக்கு அழகுப் பொறாமை என்று நாம் படித்ததெல்லாம் இந்த ஒரு எபிசோடில் அடிபட்டுப் போகிறது. ஒரு குழந்தை காப்பாற்ற முடியாமல் போன ரகசியத்துக்குத்தான் இத்தனை வருஷ வன்மம். கோபப்பட வேண்டிய ஆள் அம்மா, அவள்மேல் கோபப்பட முடியாமல் குழந்தைமேல் திருப்பிவிட்டாள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின். கிரிம் கதையில் இந்தக் குட்டி மனிதன் வைக்கோலைத் தங்கமாக நூற்றுக் கொடுத்துவிட்டு, கூலியாக ராணியின் குழந்தையைக் கேட்பான். ராணி நாட்டின் செல்வத்தையெல்லாம் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பான், உலகத்துப் பொக்கிஷங்களைவிட உயிருள்ள ஒன்றுதான் எனக்குப் பெரிது என்பான். ஏன் என்று கதை சொல்லாது. இருநூறு வருஷமாகச் சும்மா கிடந்த அந்த 'ஏன்'தான் இந்தத் தொடரின் விதை என்று எனக்குப் படுகிறது. குழந்தையைக் கேட்கிறவனுக்கு ஒரு குழந்தை தொலைந்திருந்தால்?

எட்டாவது எபிசோடில் அவன் கால் ஊனமான ஏழை நூற்பாளி. போரிலிருந்து ஓடிவந்த கோழை என்று ஊரே காறித் துப்புகிறது. மகன் பேல்ஃபயருக்கு 14 வயதாகப் போகிறது, அந்த வயதானால் பிரபுவின் ஆட்கள் போருக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். மகனைக் காப்பாற்ற ஒரு மந்திரக் கத்தியைத் திருடி, இருளின் அதிபதியாக இருந்தவனைக் குத்தி, அந்தச் சக்தியைத் தான் வாங்கிக்கொள்கிறான். பிள்ளைக்காக வாங்கிய சக்தி. அப்புறம் அந்தச் சக்தியை விட மனசு வரவில்லை. 19ஆவது எபிசோடில் மகனே ஒரு வழி கண்டுபிடிக்கிறான், மந்திரமே இல்லாத உலகத்துக்கு இரண்டு பேரும் போய்விடலாம், அங்கே நீ பழைய அப்பாவாக ஆகிவிடுவாய் என்கிறான். மந்திர அவரையை எறிந்ததும் தரையில் சுழல் திறக்கிறது. மகன் ஏற்கனவே பாதி உள்ளே, அப்பா ஒரு கையில் கத்தியைத் தரையில் ஊன்றிப் பிடித்திருக்கிறான், இன்னொரு கையில் மகனின் கை. பயம் வந்துவிடுகிறது. மகனின் கையை விட்டுவிடுகிறான். விட்ட அதே நொடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு கதறுகிறான், சுழல் மூடிவிட்டது.

இந்தக் காட்சியைப் பார்த்தபிறகு சீசன் முழுக்க வேறு மாதிரி தெரியும். அந்த உலகத்துக்குப் போக வேறு வழி என்ன என்று தேடித்தான் சாபத்தையே அவன் உருவாக்குகிறான், ரெஜினாவை அதைப் போட வைக்கிறான், அதை உடைக்க ஒரு குழந்தை பிறக்கும்படியும் பார்த்துக்கொள்கிறான். ஒரு நாடு முழுவதையும் பெயர்த்து நம் உலகத்தில் கொண்டுவந்து போட்டது ஒரு அப்பா தன் மகனைத் தேடி வருவதற்காக! முதல் எபிசோடிலேயே இதற்கு ஒரு சாடை உண்டு. ஸ்டோரிபுரூக் விடுதியில் வாடகை வாங்க வந்த கோல்ட், புதிதாக வந்திருக்கும் பெண்ணின் பெயரைக் கேட்கிறார். எம்மா என்கிறாள். ஒரு கணம் நின்று, அழகான பெயர் என்கிறார். அவ்வளவுதான். சிறைக்குள் இருந்தபோது ஸ்னோ வைட்டிடம் அவர் கேட்டு வாங்கிய பெயர் அது. ராபர்ட் கார்லைல் அந்த ஒரு கணத்தை முகத்தில் எதையும் பெரிதாகக் காட்டாமல் கடக்கிறார், இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் மனுஷன் என்ன செய்திருக்கிறார் என்று தெரிகிறது. மந்திர வனத்தில் பளபளக்கும் செதில் தோல், கீச்சுக் குரல், கையைக் காலை ஆட்டி ஆட்டிப் பேசும் துள்ளல். ஸ்டோரிபுரூக்கில் கோட்டும் கைத்தடியும், தணிந்த குரலும். இரண்டும் ஒரே ஆள் என்று நம்ப வைக்கிறார்.

இவருடைய இன்னொரு எபிசோட் 12ஆவது, 2012 பிப்ரவரியில் வந்தது, ஜேன் எஸ்பென்சன் எழுதியது. அழகியும் மிருகமும் கதையில் மிருகத்தின் இடத்தில் ரம்பிளை வைத்துவிட்டார்கள். பெல் வேலைக்கு வந்த முதல் நாளே பயத்தில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டு விளிம்பை உடைத்துவிடுகிறாள். வெறும் கோப்பைதானே என்று விட்டுவிடுகிறான். பிறகு அவள் முத்தமிட, சாபம் கரையத் தொடங்கும்போது, சக்தி போய்விடும் என்ற பயத்தில் அவளைத் துரத்துகிறான், மகனிடம் செய்த அதே தப்பை இரண்டாவது முறையும் செய்கிறான். அவள் இறந்துவிட்டாள் என்று ரெஜினா பொய் சொன்னபின் பீடத்திலிருந்த தங்கப் பொருளை எடுத்துவிட்டு அந்த உடைந்த கோப்பையை வைக்கிறான். ஸ்டோரிபுரூக்கில் அந்தக் கோப்பை திருடுபோகிறது. ஊரில் யாருக்கும் அஞ்சாத கோல்ட் அதற்காக ஒரு ஆளைக் கைத்தடியால் அடித்துப் போலீஸ் கூண்டுக்குள் போகிறார். ரெஜினா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக்கு வெளியே வந்து உட்காருகிறாள், உன் நிஜப் பெயரைச் சொல், தருகிறேன் என்கிறாள். சொல்கிறார். கிரிம் கதையில் பெயரைக் கண்டுபிடித்ததும் அவன் தோற்பான், இங்கேயும் பெயரைச் சொல்ல வைத்துத்தான் அவரைத் திறக்கிறாள். பழைய கதையின் ஆணிவேரைப் பிடுங்காமல் புதிய கதை நடுவது எப்படி என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

எம்மா தனியாக வளர்ந்ததற்குக் காரணமும் ஒரு அப்பாதான், இது 20ஆவது எபிசோட் வரை நமக்குத் தெரியாது. அந்த அலமாரியில் உண்மையில் இரண்டு பேர் போகலாம். அதைச் செய்த தச்சர் ஜெப்பெட்டோ தன் மகன் பினோக்கியோ மறுபடி மரமாகிவிடுவான் என்று பயந்து, ஒருவர்தான் போகலாம் என்று பொய் சொல்ல வைத்துவிட்டு மகனை முதலில் அனுப்பிவிடுகிறார். அம்மாவோடு போயிருக்க வேண்டிய குழந்தை தனியாகப் போகிறது. பினோக்கியோவுக்கு அப்போது ஏழெட்டு வயது, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்தவன், விடுதியில் மற்ற பையன்கள் ஓடும்போது அவனும் ஓடிவிடுகிறான். ஜெப்பெட்டோவை வில்லன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன் பிள்ளையைக் காப்பாற்றும் அவசரத்தில் இன்னொருத்தியின் பிள்ளையை அநாதையாக்கிவிட்டார். மூன்று வயதுவரை எம்மாவை வளர்த்த குடும்பமும் தங்களுக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 18 வயதில் சிறையில் பிள்ளை பெற்றபோது அவளும் அதைக் கொடுத்துவிட்டாள், தன்னிடம் இருப்பதைவிட நல்ல வாழ்க்கை கிடைக்கட்டும் என்று. ஸ்னோ வைட் தன்னை அலமாரிக்குள் வைத்த காரணமும் அதுவே என்று அவளுக்குத் தெரியாது.

இதயத்தைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது ரெஜினாவின் வழக்கம். ஏழு கடல் தாண்டிக் கிளியின் வயிற்றில் மந்திரவாதி தன் உயிரை ஒளித்து வைத்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, ஆனால் இங்கே ஒளிக்கப்படுவது அடுத்தவர்களின் உயிர். ஷெரிஃப் கிரஹாம் அப்படி இதயம் இல்லாமல் நடமாடும் ஆள், பழைய கதையில் ஸ்னோ வைட்டைக் கொல்ல மனம் வராமல் விட்ட வேட்டைக்காரன். ஏழாவது எபிசோடில் எம்மாவை முத்தமிட்டதும் அவனுக்கு நினைவு திரும்பிவிடுகிறது. அடுத்த நிமிடம் ரெஜினா நிலவறையில் அவன் இதயத்தைக் கசக்கிப் பொடியாக்க, எம்மாவின் கையிலேயே விழுந்து சாகிறான். ஜேமி டோர்னன் ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத விஷயம். ஆனால் அந்த மரணம் தேவையாக இருந்தது. அதுவரை இது குழந்தைகளுக்கான தொடர், யாருக்கும் எதுவும் ஆகாது என்று உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எல்லா எபிசோடும் இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 22 எபிசோட் என்பது வாராவாரம் ஒளிபரப்பாகும் அமெரிக்க சேனல்களின் அன்றைய கணக்கு, கதைக்குத் தேவைப்பட்ட கணக்கு இல்லை. நடுவில் ஸ்டோரிபுரூக்கில் இளவரசரின் மனைவியாக இருக்கும் கேத்ரின் காணாமல் போவதும், மேரி மார்கரெட் மேல் கொலைப்பழி விழுவதுமாகச் சில வாரங்கள் இழுக்கின்றன. கிரம்பியின் காதல் எபிசோடைத் தாண்டிப் போனாலும் கதை புரியும். அதே இடைப்பகுதியில்தான் சிவப்புத் தொப்பிக்காரியின் எபிசோடும் இருக்கிறது, ஓநாய் வேறு யாருமில்லை அந்தப் பெண்தான் என்று தெரிய வரும்போது சங்கிலியில் கட்டிவைத்த காதலன் ஏற்கனவே அவளுக்கே இரையாகியிருப்பான், இவ்வளவு இருட்டான திருப்பத்தை ஞாயிறு இரவு 8 மணிக்கு வைக்கத் துணிச்சல் வேண்டும். கோட்டைகள் பல இடத்தில் பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்தவை என்று அப்பட்டமாகத் தெரிகிறது. மாறாக ஸ்டோரிபுரூக் நிஜமாகவே ஊர் மாதிரி இருக்கும், ஏனென்றால் அது நிஜ ஊர். கனடாவின் வான்கூவர் பக்கத்தில் ரிச்மண்ட் நகரத்தைச் சேர்ந்த ஸ்டீவ்ஸ்டன் என்ற பழைய மீன்பிடி ஊரில், கடைகளின் பெயர்ப்பலகைகளை மாற்றிப் படம்பிடித்தார்கள். ஈரமான தெருவும் மேகமூட்டமும் அந்த ஊரின் சொந்தச் சரக்கு, சாபத்துக்கு அதைவிடப் பொருத்தமான வெளிச்சம் கிடைத்திருக்காது.

முடிவுக்கு வருவோம். ரெஜினா எம்மாவுக்கு விஷ ஆப்பிள் வைத்துச் செய்த பலகாரம் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறாள். எம்மா நம்பவில்லை என்பதால் நிரூபிக்க ஹென்றி அதைத் தானே வாங்கிக் கடித்துவிடுகிறான். தெரிந்தே கடிக்கிறான். மருத்துவமனையில் இரண்டு அம்மாக்களும் ஒரே படுக்கைக்கு இரண்டு பக்கம் நிற்கிறார்கள். அவனைக் காப்பாற்ற மெய்யன்பின் கஷாயம் ஒன்று வேண்டும், அது நூலகத்துக்குக் கீழே அடைபட்டிருக்கும் டிராகனின் உடம்புக்குள் இருக்கிறது. எம்மா அப்பாவின் வாளோடு இறங்கி டிராகனைக் கொன்று எடுத்துவருகிறாள். கோல்ட் அவளை ஏமாற்றி அதைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார். பையனின் இதயம் நின்றுவிடுகிறது. கஷாயமும் இல்லை, வாளும் இல்லை, செய்ய எதுவும் மிச்சமில்லாதபோது எம்மா குனிந்து நெற்றியில் முத்தமிட்டு, உன்னை நேசிக்கிறேன் என்கிறாள். அதில் சாபம் உடைகிறது.

ஸ்னோ வைட்டும் மயக்கம் தெளிந்து எழுந்த இளவரசரும் அந்த ஊரில் அதற்குமுன் எத்தனையோ முறை முத்தமிட்டாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று இணையத்தில் பலர் ஓட்டை கண்டுபிடித்ததுபோல் கேட்பதுண்டு. அவர்களுக்குத் தங்களையே தெரியாது, யாரை முத்தமிடுகிறோம் என்றும் தெரியாது என்பது கதைக்குள் இருக்கும் பதில். எனக்கு அதைவிடப் பெரிய பதில் ஒன்று இருக்கிறது. அந்தச் சாபம் கட்டப்பட்டதே பிள்ளையின் கையை விட்ட ஒரு அப்பாவின் தவறின் மேல், அது போடப்பட்டதே அப்பாவைக் கொன்ற ஒரு மகளின் கையால். தன் பிள்ளையைக் கைவிட்ட ஒருத்தி திரும்பி வந்து அவனுக்காக நின்றால்தான் அது அவிழும். டிஸ்னியே பெரிய திரையில் மெய்யன்பு என்பது காதல் மட்டுமில்லை என்று 2013இல் 'ஃப்ரோஸன்' படத்தில் இரண்டு சகோதரிகளை வைத்துச் சொன்னது, 2014இல் 'மேலிஃபிசென்ட்' படத்தில் நெற்றி முத்தமாகவே சொன்னது. இங்கே 2012 மே 13ஆம் தேதியே சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காட்சியில் ரெஜினாவின் நிலையையும் கவனிக்க வேண்டும். பையன் பிழைத்துவிட்டான், அவள் மகிழ்கிறாள், அதே நொடியில் ஊருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ என்ன நினைத்தாலும் சரி, உன்மேல் எனக்கு உண்மையான பாசம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி, அவனுடைய அறையில் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அடுத்த ஆறு சீசனும் அவளை நாயகியாக மாற்ற முடிந்ததற்கு அஸ்திவாரம் அந்த அழுகைதான்.

கோல்ட் திருடிய கஷாயத்தை என்ன செய்கிறார்? காட்டிலிருக்கும் கிணற்றில் ஊற்றுகிறார், ஊதா நிறப் புகை ஊருக்குள் வழிகிறது, மந்திரமில்லாத உலகத்துக்கு மந்திரம் வந்துவிடுகிறது. பக்கத்தில் 28 வருஷம் மருத்துவமனை நிலவறையில் பூட்டப்பட்டிருந்த பெல் நிற்கிறாள். அவள் திரும்பக் கிடைத்த பின்னும் அவருக்கு மந்திரம் வேண்டும், அதில்லாமல் மகனைத் தேட அவருக்குத் தெரியாது. மகன் வெறுத்த அதே சக்தியைக் கொண்டுதான் மகனைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.

தொடர் 2018 மே வரை ஏழு சீசன், 155 எபிசோட் ஓடியது. பிற்பாடு வந்தவற்றிலும் நல்ல இடங்கள் உண்டு, மூன்றாவது சீசனின் நெவர்லாண்ட் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும், அங்கே பீட்டர் பானே ரம்பிளைக் கைவிட்ட அப்பா என்று காட்டி இதே நூலை இன்னொரு தலைமுறை பின்னால் இழுத்தார்கள். ஆனால் முதல் சீசனில் இருந்த ஒன்று அப்புறம் வரவே இல்லை. எல்லோருக்கும் நினைவு திரும்பிவிட்டதால் நமக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதது என்று எதுவும் மிச்சமில்லை, மேரி மார்கரெட்டும் எம்மாவும் சமையலறையில் பேசினால் இனி அது வெறும் பேச்சுதான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் எழுத்தாளர்கள் பாதி சீசனுக்கு ஒரு புது வில்லன், புது சாபம், மறுபடி ஒரு மறதி என்று ஓட வேண்டியிருந்தது. யாராவது என்னிடம் எதுவரை பார்க்கலாம் என்று கேட்டால், 22 எபிசோட் பாருங்கள், அது முழுக்கதை, அதற்குப்பின் ரெஜினாவுக்கும் ரம்பிளுக்கும் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்க முடியவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள் என்றுதான் சொல்வேன்.